சலவை இயந்திரத்தில் தண்ணீர் குறைவது: தங்கள் பதிலுக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், மேலே மூடி திறந்து துணி போடும் சலவை இயந்திரத்தில் தண்ணீர் பாதியளவே நிரம்புவதாக வாசகி ஒருவர் கேட்டிருந்தார். காற்றுக் குழாயில் ஓட்டை விழுந்திருக்கும் என்றும், அதை மாற்றியும் சரியாகாவிட்டால் இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் போர்டை மாற்ற வேண்டும் என்றும் அதற்குப் பதில் வெளியாகியிருந்தது. இப்பதிலின் முதற்பாதி நேர்மாறானது. பிற்பாதி அந்த வாசகிக்குப் பல ஆயிரம் ரூபாய் வீண்செலவு வைக்கக்கூடியது. முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவள் என்பதோடு, இதே தொல்லைக்காகச் சென்ற ஆண்டு இரண்டு மாதம் அல்லாடியவள் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கும் தொட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய காற்றறை இருக்கிறது. அதிலிருந்து பென்சில் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய் ஒன்று மேலேறி, அழுத்தத்தை அறியும் சென்சாரில் போய் முடிகிறது. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, அறைக்குள் அகப்பட்ட காற்று நெருக்கப்பட்டு சென்சாரின் சவ்வைத் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறது என்பதை வைத்தே இயந்திரம் நீர்மட்டத்தைக் கணிக்கிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று கசிந்துவிடும், சவ்வு அசையாது, தொட்டி முக்கால் நிரம்பிய பிறகும் காலியாக இருப்பதாகவே எண்ணி இயந்திரம் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். ஆக, ஓட்டைக் குழாயால் தண்ணீர் வழியுமே தவிரக் குறையாது. குறைய வேண்டுமானால் குழாய் அடைத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு குறிப்பிட்ட விதமாக, முந்தைய துவைப்பில் நெருக்கப்பட்ட காற்று வெளியேற வழியில்லாதபடி சோப்புக் கசடும் நூல்தூசியும் காற்றறையின் வாயை மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் காலித் தொட்டியைப் பாதி நிரம்பியதாக சென்சார் சொல்லும். இப்படி நடப்பதுண்டு என்றாலும், சந்தேகப்பட வேண்டிய வரிசையில் இது கடைசிக்குச் சற்று முன்னால் வருவது.

தண்ணீர் குறைகிறது என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள். சில வீடுகளில் இயந்திரம் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டு, போதும் என்று தானாக நிறுத்தி, துவைக்கத் தொடங்கிவிடுகிறது. வேறு சில வீடுகளில் நிறுத்தாமல் தண்ணீருக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கூவி அழைத்துவிட்டு நின்றுவிடுகிறது, எல்.ஜி. இயந்திரமானால் திரையில் 'IE' என்றும், சாம்சங் இயந்திரமானால் '4C' அல்லது '4E' என்றும் எழுத்து வரும். முதல் வகையில் இயந்திரத்தின் கணிப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாம் வகையில் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் தண்ணீர் வரும் வழியைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தங்கள் நிபுணர் பதில் எழுதியதுதான் என் முதல் வருத்தம்.

எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாம் வகை. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் ஆறாண்டு உழைத்த 7 கிலோ இயந்திரத்தை, மேடவாக்கத்துக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே கொண்டுவந்தோம். இங்கே மூன்றாம் மாடி, அதுவே கடைசி மாடி. ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் கலந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும். எட்டாவது மாதம் இயந்திரம் தண்ணீருக்குத் திணறத் தொடங்கியது. நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலிருந்து வந்த இளைஞர் குழாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது, ஆகவே போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, 6,800 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு ஏறி இறங்குகிறவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் வாளி வைத்து அளக்க நேரம் ஏது? ஆனாலும் ஒன்று உறுத்தியது. இயந்திரம் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் அதன் பின்பக்கத்திலிருந்து வண்டின் ரீங்காரம் போல மெல்லிய ஓசை வந்துகொண்டிருந்தது. அது, தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வின் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்வதால் எழும் ஓசை. வால்வுக்கு மின்சாரம் போகிறது என்றால் போர்டு தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதானே பொருள்? ஒருநாள் அவகாசம் கேட்டு அவரை அனுப்பிவைத்தேன்.

வால்வைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருப்பதால் அதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் காந்தம் இழுத்து, கதவு திறப்பதுபோல வால்வு திறந்துவிடுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உள்ளே இருப்பது ஒரு ரப்பர் சவ்வு. அதன் நடுவில் சிறு துளை, அந்தத் துளையை அடைத்தபடி ஒரு சிறு உலோகத் தண்டு. கம்பிச்சுருள் தூக்குவது அந்தத் தண்டை மட்டுமே. தண்டு விலகியதும் சவ்வின் மேற்புறத்து நீர் வடிந்து அங்கே அழுத்தம் குறைகிறது. பிறகு சவ்வை மேலே தூக்கி வழிவிடுவது குழாயில் வரும் தண்ணீரின் சொந்த அழுத்தம். அந்த அழுத்தம் போதாவிட்டால், மின்சாரம் சரியாக வந்தும், சுருள் ரீங்கரித்தும், சவ்வு அரைகுறையாக எழும்பித் தண்ணீரை நூல் போலத்தான் விடும். இந்த நிலையில் போர்டை மாற்றினால் புதுப் போர்டும் அதே நூலளவுத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலையில் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, இயந்திரத்தின் பின்னால் மாட்டியிருக்கும் ஹோஸைக் கையாலேயே திருகிக் கழற்றினேன். ஹோஸ் மாட்டும் வாய்க்குள், விரல் நகம் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கிறது. அதன் நடுவில் பிடித்து இழுப்பதற்கென்றே ஒரு சிறு மேடு உண்டு. மூக்குக் குறடால் மெதுவாக இழுத்ததும் வந்துவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டிய சல்லடை, சுண்ணாம்பு அடித்துக் காவி பூசியதுபோல இருந்தது. உப்புப் படிவம் ஒரு அடுக்கு, அதன் மேல் நறநறவென்று மணல், அதற்கும் மேல் குழாய் இணைப்புகளில் பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப்பின் நார்கள், பி.வி.சி. குழாயை அறுத்தபோது உதிர்ந்த சாம்பல் நிறத் துருவல்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை (நீரில் கரைந்த சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் கிணற்று நீர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பாமலே அந்தச் சல்லடை சொல்லிவிட்டது. சிறுவாணியில் ஆறாண்டு காலம் ஒருமுறைகூட அதைக் கழற்றத் தேவைப்பட்டதில்லை.

வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, சல்லடையை அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் உப்பு விட்டுவிட்டது. குழாய்ப் பக்கத்து இணைப்பிலும் இதேபோல ஒரு சல்லடை சில வீடுகளில் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். சல்லடைதானே தடை, எடுத்து எறிந்துவிட்டால் தண்ணீர் கொட்டும் என்று யோசனை சொல்லும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தண்ணீர் கொட்டவும் செய்யும். ஆனால் சல்லடையில் நிற்க வேண்டிய மணல் வால்வின் சவ்வுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வால்வு முழுவதுமாக மூடாது, இயந்திரத்தை அணைத்துவிட்டு ஊருக்குப் போனாலும் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக நீர் சேர்ந்துகொண்டிருக்கும். எதிர்வீட்டில் இப்படித்தான் நடந்தது. தீபாவளிக்குப் போய்த் திரும்பியவர்களை வாசற்படியிலேயே தண்ணீர் வரவேற்றது.

சல்லடை சுத்தமானதும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பாதிதான் தீர்ந்திருந்தது. காலை ஆறரைக்குத் துணி போட்டால் ஒன்பது நிமிடத்தில் தண்ணீர் நிரம்பியது. பதினொரு மணிக்குப் போட்டால் இருபது நிமிடம் ரீங்கரித்துவிட்டு நின்றுவிட்டது. துணியும் இயந்திரமும் குழாயும் மாறவில்லை. மாறியது மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் என்பது எனக்கு உறைக்க நான்கு நாளாயிற்று என்று ஒப்புக்கொள்வதில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியைக்கு வெட்கம்தான்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார், அதாவது 0.01 மெகாபாஸ்கல். எங்கள் இயந்திரத்தின் கையேடு குறைந்தபட்சம் 0.03 மெகாபாஸ்கல் கேட்கிறது. இயந்திரத்தின் பின்புற வாய்க்கு மேலே 3 மீட்டர், நம் பேச்சில் பத்தடி உயரத்துக்கு நீர் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். சில மாடல்கள் 0.05 கேட்கின்றன, அது பதினாறு, பதினேழு அடி. எங்கள் வீட்டுத் தரையிலிருந்து மொட்டைமாடித் தளம் ஏறத்தாழ 3 மீட்டர்; இயந்திரத்தின் வாய் தரையிலிருந்து 1 மீட்டர்; தொட்டி ஓர் அடி உயரச் செங்கல் மேடையில் இருக்கிறது. ஆகவே தொட்டியின் அடிமட்டம் இயந்திரத்தின் வாய்க்கு 2.3 மீட்டர்தான் மேலே. தொட்டிக்குள் தண்ணீர் 1.2 மீட்டர் உயரம் நிற்கும்போது மொத்தம் 3.5 மீட்டர்; அது போதும். குளியலும் சமையலும் முடிந்து தொட்டியில் அரை மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டால் மொத்தம் 2.8-க்கும் குறைவு, அது போதாது. தரைத்தளத்துக் குடும்பத்துக்கு அதே தொட்டியிலிருந்து மேலும் மூன்று மாடி உயரம், அதாவது 9 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பதால் தண்ணீருக்குப் பஞ்சமிருக்காது என்று வீடு விற்றவர் சொன்னதை நம்பியவர்கள் நாங்கள்.

சர்வீஸ் இளைஞர் தவறியதும் இந்த இடத்தில்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. பத்து லிட்டர் வாளி காலையில் 75 விநாடியில் நிரம்பியது. பதினொரு மணிக்கு 90 விநாடி. கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. திறந்த குழாயில் நீர் கொட்டும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மெதுவாகத்தான் குறையும். வால்வின் சவ்வோ, குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போனால் சட்டென்று சரியாக எழும்ப மறுக்கும். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பது ஒன்று, என்ன அழுத்தத்தில் வருகிறது என்பது வேறொன்று. வாளி முதலாவதை மட்டுமே அளக்கும். இரண்டாவதை அறிய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். இதனால் வாளிச் சோதனை வீண் என்று சொல்ல வரவில்லை. வாளி நிரம்ப நான்கு நிமிடம் ஆகுமானால், 50 லிட்டர் பிடிக்கும் இயந்திரத் தொட்டி ஒருமுறை நிரம்பவே இருபது நிமிடம் வேண்டும்; அந்த வீட்டில் கோளாறு குழாய்க்குள்தான், குழாய்வழியைத் திறந்து மூடும் கேட் வால்விலோ துருப்பிடித்த இரும்புக் குழாயிலோ இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எங்கள் குடியிருப்பில் தீர்வு ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்தது. தொட்டியில் மோட்டாரைத் தானாக இயக்க, கயிற்றில் இரண்டு மிதவைகள் தொங்குகின்றன. கீழ் மிதவை வரை நீர் இறங்கினால்தான் மோட்டார் ஓடும். அந்தக் கீழ் மிதவையைக் கயிற்றில் இரண்டு அடிக்கு மேல் ஏற்றிக் கட்டினோம். இப்போது தொட்டி எந்நேரமும் முக்கால் பங்குக்குக் குறைவதில்லை. பதினொரு மணிக்கும் இயந்திரம் நிரம்புகிறது. இந்த வசதி இல்லாதவர்கள் அதிகாலையில் துவைக்கலாம். குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் இன்லெட் வால்வைக் கேட்டு வாங்கி மாட்டலாம். அல்லது சிறிய பிரஷர் பம்பு வைக்கலாம். தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்திவிடலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 1,000 லிட்டர் நீர் ஒரு டன் எடை. பொறியாளரைக் கேட்காமல் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

பிற காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளும்போது ஹோஸ் மடிந்துபோவது மிகச் சாதாரணம். வெந்நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் தனித்தனி வாய் உள்ள இயந்திரத்தில் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு, வெதுவெதுப்பான துவைப்பைத் தேர்ந்தெடுத்தால், இணைக்காத வாயிலிருந்து வராத நீருக்காக இயந்திரம் காத்திருக்கும். சோப்புத்தூள் போடும் தட்டு பாறையாக இறுகிப்போனாலும் வரத்து குறையும். இவற்றைவிட முக்கியமானது, நீர் உள்ளே வந்து உடனுக்குடன் வெளியேறிக்கொண்டிருப்பது. நம் ஊரில் விற்கும் பல இயந்திரங்களில் கழிவுநீர் தானாகக் கீழே வடியும்படி அடியில் ஒரு வடிகால் வால்வு இருக்கிறது. சட்டைப்பையில் மறந்த சில்லறையோ கொண்டை ஊசியோ அதன் வாயில் சிக்கினால் வால்வு மூடாது. பம்பு வைத்து வெளியேற்றும் இயந்திரமாக இருந்தால், வெளியேற்றும் ஹோஸைத் தரையில் போட்டுவிட்டாலே நீர் தானாக இழுபட்டுப் போய்விடும். நீர் ஏறியதும் இயந்திரத்தை நிறுத்தி, உள்தொட்டியில் நீர்மட்டம் எந்தத் துளை வரிசையில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இறங்கியிருந்தால் குற்றவாளி வடிகால்தான்.

தானாக நிறுத்திக்கொள்ளும் முதல் வகைக்கு வருகிறேன். தங்களிடம் கேள்வி கேட்ட வாசகியுடையது இந்த வகையாகவும் இருக்கலாம். தானியங்கி இயந்திரம் தண்ணீர் எடுப்பதற்கு முன், உலர்ந்த துணியோடு அடித்தட்டைச் சில முறை சுழற்றிப் பார்த்து, கனத்தை ஊகித்து, அதற்கேற்ற நீர்மட்டத்தைத் தேர்கிறது. பத்து சிந்தெடிக் புடவை தொட்டியின் விளிம்பு வரை வரும், எடையோ சொற்பம். இயந்திரம் எடையை நம்புமே ஒழிய, நம் கண்ணுக்குத் தெரியும் அளவை அறியாது. ஆகவே தண்ணீர் குறைவாகத் தெரிவது கோளாறே அல்ல. நீர்மட்டப் பொத்தானை அழுத்தி ஒன்றிரண்டு படி உயர்த்திக்கொண்டால் முடிந்தது. வாளியால் ஊற்றிக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள், கனம் பார்த்து முடித்து இயந்திரம் தண்ணீர் எடுக்கத் தொடங்கிய பிறகு ஊற்ற வேண்டும். முன்னதாகவே ஊற்றினால் அந்தக் கணிப்பு குழம்பிப்போகும். மட்டத்தை உயர்த்திய பின்னும் பாதியிலேயே நின்றால், அப்போதுதான் காற்றறை அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் பின்மூடியைத் திறக்க வேண்டியிருப்பதாலும், உள்ளே 230 வோல்ட் மின்சாரம் ஓடுவதாலும், அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே சரி.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. குறைந்தபட்ச அழுத்தத்தை மெகாபாஸ்கலில் ஆங்கிலக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுவதற்குப் பதிலாக, தொட்டி இத்தனை அடி மேலே இருக்க வேண்டும் என்று இயந்திரத்தின் முதுகிலேயே தமிழில் ஒட்டட்டும். பொருத்த வரும் ஊழியர் அன்றைக்கே அதை அளந்து, உத்தரவாத அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டுப் போகட்டும். ஐந்து நிமிட வேலை.

தங்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. காற்றுக் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் குறையாது, மிகும் என்ற திருத்தத்தை அடுத்த வார இணைப்பில், அந்தக் கேள்வி வெளியான அதே பகுதியில் வெளியிட வேண்டுகிறேன். அந்த வாசகி இதற்குள் குழாயை மாற்றியிருந்தால் போகட்டும், அதன் விலை அதிகமில்லை. போர்டுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் ஒருமுறை ஹோஸைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்கும்படி அவருக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மேடவாக்கம், சென்னை.